கண் அழுத்த நோயில் விழித்திரையின் நரம்புச் செல்கள் எங்கே, எப்படி அழிகின்றன?

அம்பை வாசகன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் பெரியப்பாவுக்குக் கண் அழுத்த நோய் (கிளாக்கோமா) இருப்பதாகக் கண்டறியப்பட்டு, இரவுதோறும் சொட்டு மருந்து போட்டு வருகிறார். தொடக்கத்தில் 26 மி.மீ. பாதரசமாக இருந்த கண் அழுத்தம் இப்போது 16க்கு இறங்கிவிட்டது. ஆயினும் அண்மையில் எடுத்த ஓ.சி.டி. (விழித்திரை அடுக்குகளை ஒளியால் படமெடுத்து அளக்கும் சோதனை) அறிக்கையில், வலக்கண்ணின் நரம்பிழைப் படலம் கீழ்ப்பகுதியில் முன்பைவிட மெலிந்திருப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள். அவரோ கண்ணாடி அணிந்துகொண்டு நாளிதழைக் கடைசிப் பக்கம் வரை வாசிக்கிறார். எழுத்துப் பலகையில் 6/6 வரிசையைத் தடையின்றிப் படிக்கிறார். "எல்லாம் தெளிவாகத் தெரியும்போது எனக்கு எதற்கு ஆயுள் முழுக்க மருந்து?" என்று கேட்கிறார், எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

மருத்துவ ஆலோசனை கேட்டு இதை எழுதவில்லை; அதற்கு அவருடைய மருத்துவர் இருக்கிறார். கண்ணுக்குள் நடப்பது என்ன என்பதே என் கேள்வி. அழுத்தம் என்பது கண்ணின் முன்பகுதித் திரவத்தைப் பற்றியது என்கிறார்கள், அழிவதோ பின்பக்கத்து நரம்பு. இடையில் இருக்கும் தொடர்பு என்ன? அழுத்தம் இறங்கிய பிறகும் படலம் ஏன் மெலிகிறது? படிப்பதற்கு ஏன் இடையூறு வரவில்லை?

பாளை ஆசிரியர் எழுதியது:

தம்பி, மேல்நிலை வகுப்புகளில் உயிரியல் கற்பித்தவன் என்ற முறையிலும், இதே நோய்க்கு மருந்து போட்டுக்கொள்பவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் எந்தச் செல் அழிகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். விழித்திரை பல அடுக்குகளால் ஆனது. ஒளியை முதலில் வாங்குபவை கோல் செல்களும் கூம்புச் செல்களும்; கோல் செல்கள் பத்துக் கோடியைச் சுற்றியும் கூம்புச் செல்கள் அறுபது லட்சம் அளவிலும் உள்ளன. அவற்றின் சைகைகள் இருமுனைச் செல்கள் வழியாகக் கடைசி அடுக்கிலுள்ள கேங்லியான் செல்களை அடைகின்றன. இந்தக் கேங்லியான் செல்கள் ஒரு கண்ணில் ஏறத்தாழ பத்து முதல் பன்னிரண்டு லட்சம்தான். அதாவது, பத்துக் கோடிக்கு மேற்பட்ட ஒளியுணர் செல்கள் திரட்டும் செய்தி முழுவதும் பத்துப் பன்னிரண்டு லட்சம் செல்களின் வழியாக மட்டுமே மூளைக்குச் செல்ல முடியும். வேறு வழி கிடையாது.

ஒவ்வொரு கேங்லியான் செல்லிலிருந்தும் ஆக்சான் என்னும் நீண்ட இழை ஒன்று புறப்படுகிறது. அந்த இழைகள் விழித்திரையின் மேற்பரப்பில் ஓடி, பார்வைத் தட்டு என்ற வட்டமான இடத்தில் ஒன்றுகூடி, அங்கே செங்குத்தாக வளைந்து கண்ணை விட்டு வெளியேறிப் பார்வை நரம்பாகின்றன. உங்கள் பெரியப்பாவின் அறிக்கையில் உள்ள நரம்பிழைப் படலம் என்பது பார்வைத் தட்டைச் சுற்றிலும் இந்த இழைகள் சேர்ந்து அமைக்கும் படலமே. ஆரோக்கியமான கண்ணில் அதன் சராசரித் தடிமன் நூறு மைக்ரானுக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். அது மெலிகிறது என்றால் இழைகள் குறைகின்றன என்று பொருள். இழைகள் குறைந்தால் அவற்றுக்குரிய செல்களும் இறந்துவிட்டன, அல்லது இறந்துகொண்டிருக்கின்றன.

கண் அழுத்த நோயில் ஒளியை வாங்கும் செல்கள் பெரும்பாலும் நலமாகவே இருக்கின்றன. படம் விழுகிறது, செய்தியும் உருவாகிறது, ஆனால் அதை எடுத்துச் செல்லும் இழை இல்லை. கண்புரை நோயில் லென்சை மாற்றினால் பார்வை திரும்புவதும், இந்நோயில் எதை மாற்றினாலும் திரும்பாததும் இதனால்தான். இரண்டையும் ஒன்றாக எண்ணி, "முற்றட்டும், பிறகு ஆபரேஷன் செய்துகொள்ளலாம்" என்று காத்திருந்து பார்வையை இழந்தவர்களை நம் ஊர்ப்பக்கம் நிறையவே பார்த்திருக்கிறேன்.

தென்பொதிகை எழுதியது:

ஆசிரியர் ஐயா, செல்களைப் பற்றிய விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனால் அம்பை நண்பரின் முதல் கேள்வி அப்படியே நிற்கிறதே? திரவம் முன்பக்கம் சுரக்கிறது, முன்பக்கமே வடிகிறது. அது தேங்கினால் கருவிழி அல்லவா முதலில் பாதிக்கப்பட வேண்டும்?

பாளை ஆசிரியர் எழுதியது:

சரியான கேள்வி. சிலியரி உறுப்பு நிமிடத்துக்கு இரண்டு முதல் மூன்று மைக்ரோ லிட்டர் வரை திரவத்தைச் சுரந்துகொண்டே இருக்கிறது. அது கண்பாவையின் வழியாக முன்னறைக்கு வந்து, கருவிழி என்ற முன்புறத்து ஒளிபுகு படலமும் ஐரிஸ் என்ற நிற வளையமும் சந்திக்கும் கோணத்திலுள்ள வலைத்திசு வழியாக ஷ்லெம் கால்வாயில் வடிகிறது. நம் ஊர்க் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கால்வாயிலிருந்து வரத்து நிற்பதில்லை, மறுகாலோ மண் மேடிட்டுக் கிடக்கிறது. நீர் ஏறும். ஆனால் ஏறிய நீர் உடைப்பது மறுகால் இருக்கும் இடத்தை அன்று. கரையில் எங்கே பலவீனமோ அங்கேதான் உடைப்பு எடுக்கும். மூடிய உருண்டையான கண்ணில் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய சமமாகவே பரவுகிறது. அந்த உருண்டையின் சுவரான வெண்படலம் கெட்டியானது. அதில் நரம்பு வெளியேறுவதற்காக விடப்பட்ட திறப்பே மெல்லிய இடம்.

அந்தத் திறப்பு முழு ஓட்டை இல்லை. அதன் குறுக்கே கொலாஜன் இழைகளால் ஆன துளைத் தகடு ஒன்று இருக்கிறது. லேமினா கிரிப்ரோசா என்றும் சல்லடைத் தட்டு என்றும் அதைச் சொல்வார்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஆக்சான்கள் கட்டுக்கட்டாகப் பிரிந்து அதன் துளைகளுக்குள் நுழைந்து வெளியேறுகின்றன. உள்ளே கண்ணின் அழுத்தம். வெளியே நரம்பைச் சூழ்ந்துள்ள மூளைத் தண்டுவட நீரின் அழுத்தம். இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை இந்த மெல்லிய தகடே தாங்குகிறது. உள்ளழுத்தம் கூடும்போது தகடு பின்னோக்கி வளைகிறது; துளைகள் உருக்குலைந்து, உள்ளே செல்லும் இழைகள் நெரிபடுகின்றன. மருத்துவர்கள் பார்வைத் தட்டின் நடுக்குழி பெரிதாகிவிட்டது என்று சொல்வது, இழைகள் குறைந்ததும் தகடு பின்னுக்குப் போனதும் சேர்ந்து உண்டாக்கும் தோற்றமே.

தென்பொதிகை எழுதியது:

நெரிபட்டால் உடனே இறந்துவிடுமா?

பாளை ஆசிரியர் எழுதியது:

உடனே இறப்பதில்லை, அது நடக்கும் விதத்தைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

ஆக்சான் என்பது மின்சைகையை மட்டும் கடத்தும் கம்பி அன்று. செல்லின் உடலில் தயாராகும் புரதங்களும், ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்டிரியாக்களும் அதன் வழியே மூளைப்பக்கம் போகின்றன. மூளைப்பக்கத்திலிருந்து நரம்பு வளர்ச்சிக் காரணிகள், அவற்றுள் முக்கியமாக பி.டி.என்.எஃப். என்ற புரதம், செல்லின் உடலை நோக்கித் திரும்பி வருகின்றன. இந்த இருவழிப் போக்குவரத்து நின்றால் செல் வாழாது. அழுத்தத்தை உயர்த்திய குரங்குக் கண்களில் இந்தப் போக்குவரத்து சல்லடைத் தட்டின் மட்டத்தில் தடைபட்டுப் பொருள்கள் குவிந்து கிடப்பதை 1970களிலேயே குயிக்லி, ஆண்டர்சன் ஆகியோர் காட்டினார்கள். நோயின் முதல் தாக்குதல் விழித்திரையில் உள்ள செல்லின் உடல் மீது அல்ல, அதன் இழை மீதுதான் என்ற கருத்து வலுப்பெற்றது அதன் பிறகே.

காரணி வரத்துக் குறைந்த செல் முதலில் தன் கிளைகளைச் சுருக்கிக்கொள்கிறது. இருமுனைச் செல்களுடன் உள்ள இணைப்புகள் குறைகின்றன. இந்தக் கட்டத்தில் அது உயிருடன் இருந்தாலும் சரிவர வேலை செய்வதில்லை. பின்னர் தன்னைத்தானே ஒழுங்காகக் கலைத்துக்கொள்ளும் அப்போப்டோசிஸ் என்ற வழியில் இறக்கிறது. அடிபட்டு வீங்கி வெடிக்கும் இறப்பு அன்று அது. வலியும் சிவப்பும் இல்லாமல் நடக்கும். வடிகால் கோணம் அடைபடாமல் திறந்தே இருக்கும் நாட்பட்ட திறந்தகோண வகையில் நோயாளிக்கு எந்த அறிகுறியும் தெரியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். மூடுகோண வகையில் அழுத்தம் திடீரென ஏறும்போது கடும் வலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் எல்லாம் வரும். அது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை, இங்கே நாம் பேசுவதிலிருந்து வேறானது.

அருகிலுள்ள துணைச் செல்களுக்கும் இதில் பங்கு உண்டு. பார்வைத் தட்டிலுள்ள ஆஸ்ட்ரோசைட்டுகளும் மைக்ரோகிளியாக்களும் இயல்பு மாறி அழற்சிப் பொருள்களை வெளியிடுகின்றன. கண்ணுக்குள் ஓடும் ஆக்சான் பகுதிக்கு மயலின் என்ற கொழுப்பு உறை கிடையாது; சல்லடைத் தட்டைத் தாண்டிய பிறகுதான் உறை வருகிறது. உறையில்லாத இழையில் சைகையைக் கடத்த ஆற்றல் அதிகம் தேவைப்படுவதால் அந்தப் பகுதியில் மைட்டோகாண்டிரியாக்கள் நெருக்கமாக நிரம்பியிருக்கின்றன. இரத்த ஓட்டம் சிறிது குறைந்தாலும் முதலில் தடுமாறுவது அந்த இடமே.

நாங்குநேரி கண்ணாடிக்காரர் எழுதியது:

நான் கண் பரிசோதகராக வேலை பார்ப்பவன். ஆசிரியர் சொன்னதோடு, பெரியப்பாவால் ஏன் படிக்க முடிகிறது என்ற கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சல்லடைத் தட்டின் துளைகள் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளைகள் பெரியவை, தாங்கும் திசு குறைவு. ஆகவே அந்த இரு பகுதிகள் வழியாகச் செல்லும் இழைகள் முதலில் அடிபடுகின்றன; அவற்றிலும் கீழ்ப்பொட்டுப் பக்கம் (நெற்றிப்பொட்டை நோக்கிய கீழ்ப்பகுதி) மிக எளிதில் பாதிக்கப்படுகிறது. அறிக்கையில் கீழ்ப்பகுதி மெலிந்திருப்பதாக வந்தது இந்த நோயின் வழக்கத்துக்கு ஒத்துப்போகிறது. விழித்திரையில் படம் தலைகீழாக விழுவதால், கீழ் இழைகள் போனால் இழப்பு பார்வைப் புலத்தின் (கண்ணை அசைக்காமல் காணக்கூடிய பரப்பின்) மேற்பாதியில் தோன்றும். பெரும்பாலும் மூக்குப் பக்கத்து மேல்பகுதியில் வில்போல வளைந்த இழப்பாகத் தொடங்கும்.

எழுத்தை வாசிப்பது ஃபோவியா என்ற மையப் புள்ளியின் வேலை. அங்கிருந்து புறப்படும் இழைகள் பார்வைத் தட்டின் பொட்டுப் பக்கமாக நுழைகின்றன, அவை பெரும்பாலும் கடைசி வரை தாக்குப்பிடிக்கின்றன. 6/6 என்ற அளவு அந்தச் சிறு மையத்தை மட்டுமே சோதிக்கிறது. சுற்றிலும் உள்ள பரப்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஆயினும் மையப்பகுதி முற்றிலும் தப்புகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கேங்லியான் செல்களில் பெரும் பங்கு ஃபோவியாவைச் சூழ்ந்த மேக்குலாப் பகுதியில்தான் குவிந்திருக்கிறது. சிலருக்குத் தொடக்கத்திலேயே அங்கும் இழப்பு இருப்பதை இப்போது ஓ.சி.டி. காட்டுகிறது. பார்வைப் புலத்தை ஒளிப்புள்ளிகள் காட்டி அளக்கும் வழக்கமான 24-2 புலச் சோதனையில் புள்ளிகள் ஆறு டிகிரி இடைவெளியில் இருப்பதால் அத்தகைய இழப்பு நழுவிவிடலாம். அதனால்தான் சிலருக்கு 10-2 என்ற நெருக்கமான சோதனையும் எடுக்கிறார்கள்.

இன்னொன்று. இழந்த இடம் கறுப்புத் திட்டாகத் தெரியும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். பெரும்பாலும் அப்படித் தெரிவதில்லை. மூளை சுற்றியிருப்பதைக் கொண்டு அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது, ஒரு கண்ணின் குறையை மறு கண்ணும் மறைத்துவிடுகிறது. என்னிடம் வருபவர்கள் சொல்வதெல்லாம் "வண்டி ஓட்டும்போது பக்கத்துச் சந்திலிருந்து ஆள் திடீரென்று முளைத்தது போல வந்தார்", "படியை விட்டுவிட்டேன்", "பந்தி பரிமாறும்போது ஓரத்து இலையைப் பார்க்கவில்லை" என்பவைதான். கண் பிரச்சினை என்று அவர்கள் அதை நினைப்பதே இல்லை. வயதாகிவிட்டது, கவனக்குறைவு என்று தள்ளிவிடுகிறார்கள்.

அம்பை வாசகன் எழுதியது:

அண்ணாச்சி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் பெரியப்பாவிடம் கேட்டேன். தென்னையில் காய் பறிப்பவரை அண்ணாந்து பார்க்கும்போது ஆளைத் தேட வேண்டியிருக்கிறது என்றார். வெயில் கூசுவதால் என்று இதுவரை நினைத்திருக்கிறார். புலச் சோதனையில் இழப்பு வருவதற்கு முன்பே செல்கள் இறந்திருக்கும் என்கிறார்களே, உண்மையா?

நாங்குநேரி கண்ணாடிக்காரர் எழுதியது:

உண்மை. இறந்தவர்களின் கண்களை, அவர்கள் உயிருடன் இருந்தபோது எடுத்த புலச் சோதனையுடன் ஒப்பிட்ட ஆய்வுகள் 1980களிலேயே நடந்தன. புலச் சோதனை தெளிவாகக் குறை காட்டுவதற்குள் அந்தப் பகுதியின் கேங்லியான் செல்களில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ போயிருக்கலாம் என்று அவற்றிலிருந்து தெரிந்தது. நோயின் முற்பகுதியில் படல அளவீடு முந்திச் சொல்லும். முற்றிய நிலையில் அது நேர்மாறாகிவிடுகிறது: படலம் ஐம்பது மைக்ரானை நெருங்கிய பிறகு மேலும் மெலிவதில்லை, ஏனென்றால் மிச்சமிருப்பது துணைத் திசுவும் இரத்தக் குழாய்களுமே. அப்போது புலச் சோதனையைத்தான் நம்ப வேண்டும்.

புலச் சோதனை எரிச்சலூட்டுவது எனக்கும் தெரியும். இருட்டுக் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்த வேண்டும். பலருக்கு முதல் முறை சரியாக வருவதில்லை. அதனாலேயே முதல் சோதனையை மட்டும் வைத்து முடிவு சொல்வதில்லை.

முக்கூடல் செல்வி எழுதியது:

எங்கள் அம்மாவின் நிலை இதற்கு எதிரானது. எப்போது அளந்தாலும் அழுத்தம் 17ஐத் தாண்டியதில்லை. ஆனாலும் இரு கண்களிலும் நரம்பு அரித்திருப்பதாகச் சொல்லி மருந்து கொடுத்திருக்கிறார்கள். 21 வரை இயல்பு என்றால் இது எப்படிக் கண் அழுத்த நோயாகும்? ஆசிரியர் ஐயா சொன்ன கரை உடையும் கதை இங்கே பொருந்தவில்லையே?

தென்பொதிகை எழுதியது:

அக்கா கேட்பது நியாயம். அழுத்தமே காரணம் என்பது பழைய கருத்து. இரத்த ஓட்டக் குறைவே உண்மைக் காரணம், அழுத்தம் வெறும் துணை என்று நான் படித்திருக்கிறேன். அப்படியிருக்க எல்லோருக்கும் அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தையே தருவது ஏன்?

பாளை ஆசிரியர் எழுதியது:

10 முதல் 21 மி.மீ. பாதரசம் என்பது பலரிடம் அளந்து எடுத்த புள்ளியியல் எல்லை. உங்கள் நரம்பு எவ்வளவு தாங்கும் என்பதற்கான எல்லை அன்று. கரை பலவீனமான குளம் அரைக் கொள்ளளவிலேயே உடைவதும் உண்டு. சல்லடைத் தட்டின் உறுதி, அதன் பின்னுள்ள மூளைத் தண்டுவட நீரின் அழுத்தம், இரத்த வரத்து, செல்லின் மைட்டோகாண்டிரியாக்களின் நலம் ஆகியவை ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. இவற்றில் ஏதாவது குறைந்தவருக்கு 17 என்பதே அதிகம்.

நம் பகுதி ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்கள் மூன்றில், 40 வயதும் அதற்கு மேலும் ஆன 5150 கிராமத்தவரை ஆராய்ந்து அரவிந்த் கண் மருத்துவமனையினர் 2003இல் வெளியிட்ட கணக்கெடுப்பில் 2.6 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. திறந்தகோண வகை மட்டும் 1.7 விழுக்காடு. நோய் இருப்பது முன்னரே தெரிந்திருந்தவர்கள் அவர்களில் மிகச் சிலரே. சென்னைக் கண் அழுத்த நோய் ஆய்வில் திறந்தகோண வகை கிராமப்புறத்தில் 1.62, நகரத்தில் 3.51 விழுக்காடு என்று வந்தது. திறந்தகோண நோயாளிகளில் கணிசமானோருக்கு அளந்த நேரத்தில் அழுத்தம் இயல்பு எல்லைக்குள்ளேயே இருந்தது. முகாமில் அழுத்தத்தை மட்டும் அளந்து "ஒன்றுமில்லை" என்று அனுப்பினால் இவர்கள் அத்தனை பேரும் தவறிப்போவார்கள். பார்வைத் தட்டைப் பார்த்தே ஆக வேண்டும்.

தென்பொதிகைக்கு: இரத்த ஓட்டக் கருத்தை நான் மறுக்கவில்லை. தட்டு வளைந்தால் அதன் நுண்குழாய்களும் நெரிபடும். இரத்த வரத்துக் குறைந்த இழை சிறிய நெரிப்பையும் தாங்காது. இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவது பயனற்றது என்பது என் எண்ணம். ஆனால் எது காரணம் என்பது ஒரு கேள்வி. எதை நம்மால் மாற்ற முடியும் என்பது வேறு கேள்வி. அழுத்தம் இயல்பு எல்லைக்குள் இருந்தும் நோய் வந்தவர்களிடமே அழுத்தத்தை 30 விழுக்காடு குறைத்துப் பார்த்த ஆய்வு 1998இல் வெளிவந்தது. குறைத்தவர்களிடம் நோய் முன்னேறியது குறைவு. 2002இல் முதல் முடிவுகள் வெளியான சுவீடன் ஆய்வில், ஒவ்வொரு மி.மீ. குறைப்புக்கும் நோய் முன்னேறும் வாய்ப்பு சுமார் பத்து விழுக்காடு குறைந்தது. அதே ஆண்டு வந்த அமெரிக்க ஆய்வில், அழுத்தம் மட்டும் கூடி நரம்பு இன்னும் பாதிக்கப்படாதவர்களுக்கு மருந்து கொடுத்தபோது ஐந்தாண்டில் நோய் வந்தவர்கள் 4.4 விழுக்காடு, மருந்தில்லாதோரில் 9.5 விழுக்காடு. மாற்றிக் காட்ட முடிந்த காரணி இதுவரை இது ஒன்றே. இரத்த ஓட்டத்தைக் கூட்டிச் செல்களைக் காப்பாற்றியதாக நிறுவப்பட்ட மருந்து இல்லை.

நாங்குநேரி கண்ணாடிக்காரர் எழுதியது:

செல்வி அக்காவுக்கு இரண்டு குறிப்புகள். கருவிழி மெலிந்திருந்தால் கருவி அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும்; அம்மாவுக்குக் கருவிழித் தடிமன் அளந்தார்களா என்று பாருங்கள். மேலும், அழுத்தம் ஒரே நாளில் ஏறி இறங்கும். பகலில் ஒரு முறை அளந்த எண் முழு நாளுக்கும் சாட்சி ஆகாது. அம்மா இரத்த அழுத்த மாத்திரை உண்பவராயின் அதைக் கண் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரவில் இரத்த அழுத்தம் மிகவும் தாழ்ந்தால் நரம்புக்கு வரத்துக் குறையக்கூடும் என்பதால் சில மருத்துவர்கள் மாத்திரை உண்ணும் நேரத்தை மாற்றுவது பற்றிப் பேசுவார்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

வள்ளியூர் மருந்தாளுநர் எழுதியது:

மருந்துக் கடையில் நாள்தோறும் நான் காண்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கண் அரிப்பு, தூசி, மெட்ராஸ் ஐ என்று வந்து, பக்கத்து வீட்டுக்காரர் போட்ட காலிக் குப்பியைக் காட்டி "இதே சொட்டு மருந்து கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். அவற்றில் பல ஸ்டீராய்டு கலந்தவை. அரிப்பு உடனே நின்றுவிடுவதால் மாதக்கணக்கில் போடுகிறார்கள். ஸ்டீராய்டு வடிகால் வலைத்திசுவின் செல்களை மாற்றி, அங்கே புரதப் பொருள்கள் தேங்கச் செய்கிறது. ஒவ்வாத உடல்வாகு உள்ளவர்களுக்கு அழுத்தம் கடுமையாக ஏறுகிறது. மேலே ஆசிரியர் விளக்கிய அத்தனையும் அதன் பிறகு நடக்கிறது, அதுவும் இளம் வயதிலேயே. பீடி சுற்றும் பெண்கள் புகையிலைத் தூசியால் கண் உறுத்துகிறது என்று சொல்லி ஒரே சொட்டு மருந்தைத் திரும்பத் திரும்ப வாங்கிச் செல்வதைப் பார்க்கும்போது கவலையாக இருக்கிறது. மருத்துவச் சீட்டில்லாமல் தர மறுத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள்.

பொன்னாங்கண்ணி எழுதியது:

நந்தியாவட்டைப் பூச்சாறும் பொன்னாங்கண்ணிக் கீரையும் கண்ணுக்கு நல்லவை என்று நம் முன்னோர் வழிவழியாகச் சொன்னார்கள். அவற்றைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே?

பாளை ஆசிரியர் எழுதியது:

கீரை உண்பது நல்லதே. அதிலிருந்து உடல் பெறும் வைட்டமின் ஏ, ஒளியை வாங்கும் கோல் செல்களின் நிறமிக்குத் தேவை. மாலைக்கண் வராமல் காக்கும். இந்நோயில் அழிவது அந்தச் செல் அன்று. எந்தச் சாற்றையும் கண்ணுக்குள் பிழிய வேண்டாம். கருவிழியில் புண் வந்தால் அது தனித் துன்பம்.

தென்பொதிகை எழுதியது:

அப்படியானால் வைட்டமின் பி3? எலிகளில் இந்நோயை அது தடுத்ததாகவும், வெளிநாட்டில் பலர் வாங்கி உண்பதாகவும் படித்தேன்.

பாளை ஆசிரியர் எழுதியது:

அது வெறும் வதந்தி இல்லை. வயதாக ஆக விழித்திரையில் என்.ஏ.டி. என்ற மூலக்கூறு குறைகிறது. மைட்டோகாண்டிரியாக்கள் ஆற்றல் தயாரிக்க அது இன்றியமையாதது. அது குறைந்த நிலையில் அழுத்தமும் கூடும்போது கேங்லியான் செல் எளிதில் வீழ்கிறது. இயல்பாகவே இந்நோய் வரும் எலி வகைக்கு நிகோடினமைடு கொடுத்தபோது பெரும்பாலான கண்களில் நரம்பு தப்பியது என்று 2017இல் ஓர் ஆய்வுக்குழு வெளியிட்டது. பின்னர் மனிதர்களிடம் நடந்த சிறிய, குறுகிய கால ஆய்வுகளில் உள் விழித்திரையின் இயக்கம் சற்று மேம்பட்டது. நீண்ட கால ஆய்வுகள் நடக்கின்றன. அங்கே கொடுக்கும் அளவு நாம் உண்ணும் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையில் உள்ளதைப் போலப் பல மடங்கு. அந்த அளவில் கல்லீரலைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். கடையில் வாங்கித் தானே உண்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

எலியில் வென்றது மனிதனில் தோற்ற கதை இந்தத் துறையிலேயே உண்டு. குளூட்டமேட் என்ற நரம்புச் செய்திப் பொருள் மிகுந்து கேங்லியான் செல்களை நச்சாக்குகிறது என்ற கருத்தின்படி, மெமான்டின் என்ற மருந்தைப் பெரிய அளவில் நான்கு ஆண்டுகள் சோதித்தார்கள். 2018இல் வெளிவந்த முடிவுகள் நோயின் முன்னேற்றத்தை அது தடுக்கவில்லை என்று காட்டின.

முக்கூடல் செல்வி எழுதியது:

கண் தானத்தில் கிடைக்கும் கண்ணை வைத்தால் சரியாகுமா என்று அம்மா கேட்கிறார்.

நாங்குநேரி கண்ணாடிக்காரர் எழுதியது:

ஆகாது அக்கா. தானக் கண்ணிலிருந்து எடுத்துப் பொருத்துவது கருவிழியைத்தான். முழுக் கண்ணை வைத்துப் பார்வை பெற வேண்டுமானால் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஆக்சான்கள் மீண்டும் வளர்ந்து, மூளைக்குள் தாலமஸ் வரை சென்று, ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் இணைய வேண்டும். மீனுக்கும் தவளைக்கும் அறுபட்ட பார்வை நரம்பு மீண்டும் வளர்கிறது, பாலூட்டிகளுக்கு வளர்வதில்லை. எலிகளில் மரபணுக்களை இயக்கி ஓரளவு வளரச் செய்திருக்கிறார்கள், 2020இல் வெளியான ஆய்வொன்றில் நோயுற்ற எலிகளின் பார்வை ஓரளவு திரும்பியதாகவும் காட்டினார்கள். மருத்துவமனையில் இன்று யாரும் அதைத் தர முடியாது. ஸ்டெம் செல் ஊசியால் பார்வையை மீட்டுத் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம்.

அம்பை வாசகன் எழுதியது:

இறந்த செல் திரும்பாது, மருந்து மிச்சமிருக்கும் செல்லுக்காகத்தான் என்பதைப் பெரியப்பாவிடம் இப்படியே சொன்னேன். "அப்படி முதலிலேயே சொல்லியிருந்தால் ஒழுங்காகப் போட்டிருப்பேனே" என்றார்! விசாரித்தபோது, மருத்துவமனைக்குப் போகும் வாரத்தில் மட்டும் தவறாமல் போடுவாராம். மற்ற நாள்களில் நினைவு வந்தால் உண்டு. 16 என்ற எண்ணின் பின்னால் இருந்த உண்மை இதுதான் போலும். ஆனால் ஒழுங்காகப் போட்டாலும் படலம் மெலியலாம் என்கிறார்களே?

பாளை ஆசிரியர் எழுதியது:

மெலியலாம். ஏற்கெனவே அடிபட்ட செல்கள் அழுத்தம் இறங்கிய பின்னும் சில காலம் இறந்துகொண்டிருக்கும். அவற்றை ஒட்டிய செல்களும் அதனால் பாதிக்கப்படலாம். நோயே இல்லாதவருக்கும் வயதால் படலம் சிறிது குறைகிறது, கருவியின் அளவீட்டிலும் சில மைக்ரான் முன்பின் இருக்கும். ஒரே ஓர் அறிக்கையைப் பார்த்து அஞ்ச வேண்டாம். தொடர்ந்து குறைகிறதா என்பதையே பார்க்க வேண்டும். தொடர்ந்து குறைந்தால் அவருக்கு 16 போதாது என்று பொருள். மருத்துவர் இலக்கை இன்னும் தாழ்த்துவார். வேறு சொட்டு மருந்தைச் சேர்ப்பார், அல்லது லேசர், அறுவை என்று போவார். 2019இல் வந்த பிரித்தானிய ஆய்வில், எஸ்.எல்.டி. என்ற லேசரைத் தொடக்கத்திலேயே செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் மூன்றாண்டுகள் சொட்டு மருந்தின்றியே இலக்கு அழுத்தத்தில் இருந்தனர். மருந்தை மறக்கும் மனிதருக்கு அது உதவலாம்; கேட்டுப் பாருங்கள்.

வள்ளியூர் மருந்தாளுநர் எழுதியது:

சொட்டு மருந்து போட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய உள்மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். மருந்து தொண்டைக்கு இறங்காமல் கண்ணிலேயே தங்கும். ஒரு துளி போதும். ஆஸ்துமா உள்ளவராயின் டிமோலால் கலந்த மருந்து ஆகாது. அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

அம்பை வாசகன் எழுதியது:

நன்றி. பெரியப்பாவின் உடன்பிறந்தவர் என் அப்பா. அவருக்குக் கண்ணில் எந்தக் குறையும் இல்லை. அவரையும் அழைத்துப் போக வேண்டுமா?

நாங்குநேரி கண்ணாடிக்காரர் எழுதியது:

கட்டாயம் அழைத்துப் போங்கள் தம்பி. உடன்பிறந்தாருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிடப் பல மடங்கு கூடுதல். குறை தெரியவில்லை என்பது உங்கள் பெரியப்பாவும் சொன்னதுதானே. நாற்பதைக் கடந்த பிறகு உங்களுக்கும் இது பொருந்தும். அழுத்தம் மட்டும் அளந்து முடித்துக்கொள்ளாமல், கருவிழித் தடிமன், சிறப்பு லென்ஸ் வைத்துக் கோணம் பார்த்தல், பாவையை விரித்துப் பார்வைத் தட்டைப் பார்த்தல் ஆகிய மூன்றும் நடக்கும்படி கேளுங்கள். கோணம் குறுகலாக இருந்தால் பாவையை விரிக்கும் முன் மருத்துவர் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் வரிசையும் முக்கியம். பாவையை விரித்தால் சில மணி நேரம் கிட்டப் பார்வை மங்கும். அன்று அப்பா வண்டி ஓட்ட வேண்டாம், அம்பையிலிருந்து திருநெல்வேலி ஜங்ஷன் பேருந்திலேயே வரட்டும்.

முதல் முறை எடுக்கும் ஓ.சி.டி., புலச் சோதனைத் தாள்களை நலமாக இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். பின்னாளில் எதனுடன் ஒப்பிடுவது என்றால் அதனுடன்தான். காற்று ஊதி அழுத்தம் அளக்கும் கருவி தரும் சிறு சீட்டு வெப்பத் தாளில் அச்சாவது. சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும். அன்றே நகல் எடுத்து, தேதியையும் அளந்த நேரத்தையும் பேனாவால் எழுதி, பெரியப்பாவின் கோப்பைப் போலவே தனிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.